மலையகப் பெண்களின் வாழ்க்கைக் கதையைப் பதிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்புக்காகவோ வேலைக்காகவோ தோட்டத்தை விட்டுப் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், அம்மாயிக்கு வயசாயிருச்சு. கதைய ரெக்கோட் பண்ணி வச்சுக்கணும். எப்படித் தொடங்குறது?" இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சில ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். சரியாகச் செய்ததைவிடப் பிழைவிட்டுத் திருத்திக்கொண்டதுதான் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்திரிகைப் பேட்டிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பேட்டி எடுப்பவருக்கு ஒரு செய்தி வேண்டும். கிடைத்ததும் எழுந்து போய்விடுவார். நாம் செய்யும் இந்த வாய்மொழி வரலாற்றில் பேசுகிறவரே தன் வாழ்க்கையைத் தன் வரிசையில் சொல்கிறார். நாம் கேட்கிறோம், முழுதாகப் பதிகிறோம், அவர் சம்மதித்த அளவுக்குப் பாதுகாக்கிறோம். எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார், எதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார், எந்தப் பெயரை மட்டும் சொல்லாமல் தாண்டுகிறார் என்பதெல்லாம் பதிவில் சேர்ந்ததுதான். அதனால் வெட்டி ஒட்டுவது கிடையாது.

ஏன் பெண்களின் கதை என்று தனியாக? ஆண்களும்தானே பட்டார்கள்?

பட்டார்கள். ஆனால் அவர்கள் பட்டதில் ஒரு பகுதியாவது காகிதத்தில் இருக்கிறது. தொழிற்சங்கக் கூட்டக் குறிப்பு, வழக்கு, பத்திரிகைச் செய்தி எதை எடுத்தாலும் பெரும்பாலும் ஆண் பெயர்கள்தான். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களைப் பற்றிச் செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) இருப்பது பெயரும் அந்த மாதம் விழுந்த பேர்க் கணக்கும் (வேலை நாள் கணக்கும்) மட்டும். விடியற்காலை அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளையைப் புள்ளக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு அறையில்) விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) ஓடிய அந்த இரண்டு மணி நேரம் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

1930களிலும் 40களிலும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டியவர் மீனாட்சியம்மாள், தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார். அவருடைய பாட்டுகள் அச்சில் ஏறியதால் நமக்கு அவரைத் தெரியும். அந்தக் கூட்டத்தில் நின்று கேட்டு, லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு) திரும்பியதும் அதே மெட்டில் முணுமுணுத்த பெண்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமச் சம்பளம் வந்தது 1984இல்தான். அதற்கு முன் ஒரே தேயிலை மலையில் நின்று குறைந்த சம்பளம் வாங்கியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைத்தான் இப்போதே தேடிப் போக வேண்டும்.

யாரிடம் முதலில் போவது?

தோட்டத்தில் போய்க் கேட்டால் எல்லாரும் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள், மாதர் சங்கத் தலைவி. அவர் நன்றாகப் பேசுவார். பலமுறை பேசிப் பழகியவர். அவரையும் பதியுங்கள், ஆனால் அவரோடு நின்றுவிடாதீர்கள். லயத்தின் தொங்கல் (கடைசி) வீட்டில் ஒருவர் இருப்பார், "எனக்கு என்னாத்த தெரியும், போய்ப் படிச்சவங்கள கேளுங்க" என்பார். அவரிடம் நான்கு முறை போங்கள். புள்ளக் காம்பரா ஆயாம்மா, பிரசவம் பார்த்துப் பழகிய கிழவி, சாவு வீட்டில் முதலில் ஒப்பாரி எடுப்பவர், துரை (தோட்ட மேலாளர்) பங்களாவில் சமையலுக்கு நின்றவர் எல்லாருமே ஊர்க் கதை முழுவதையும் வேறு வாசலால் பார்த்தவர்கள்.

சொந்தப் பாட்டியில் தொடங்கலாமா என்றும் கேட்கிறார்கள். தொடங்குங்கள். ஆனால் பேத்திக்குச் சொல்லத் தக்கது, சொல்லத் தகாதது என்று பாட்டிக்கு ஒரு கணக்கு இருக்கும். அவரிடம் இன்னொரு முறை பேச உங்கள் சிநேகிதியை அனுப்பிப் பாருங்கள். இரண்டு பதிவும் இரண்டு ஆள் பேசியது போல இருக்கும்.

தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டுமா?

வேலை நேரத்தில் மலைக்கோ மடுவத்துக்கோ (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கோ) போவதென்றால் வாங்கத்தான் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பேச அந்த வீட்டாரின் சம்மதம் போதும். துரையோ தொழிற்சங்கத் தலைவரோ உங்களைக் கூட்டிக்கொண்டுபோய் அறிமுகம் செய்துவைத்தால், அன்றைய பேச்சு அவர்கள் காதுக்குப் பொருத்தமாகத்தான் வரும்.

எப்போது போனால் பேசுவார்கள்?

வேலை நாளின் மாலையில் போகாதீர்கள். மலையிலிருந்து இறங்கியவருக்குத் தண்ணீர், விறகு, சமையல், பிள்ளை என்று வரிசையாகக் காத்திருக்கும். ஞாயிறு துணி துவைக்கும் நாள். சம்பள நாளில் வீட்டில் கடன்காரரோ சண்டையோ இருக்கும். எனக்குச் சரிப்பட்டது போயா (பௌர்ணமி விடுமுறை) நாளின் பிற்பகல். வேலையிலிருந்து இளைப்பாறியவர்கள் என்றால் காலை பத்து மணி, லயமே வெறிச்சோடிக் கிடக்கும் நேரம்.

போனதும் போனை எடுக்காதீர்கள். முதல் நாள் தேத்தண்ணி குடித்து, யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். இந்த மலையில் யாரும் உங்களை "யார் நீங்க" என்று கேட்பதில்லை. "யாரு மக" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிய பிறகுதான் மற்றதெல்லாம்.

லயத்தில் சத்தமில்லாத இடமே இல்லையே?

உண்மைதான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, பக்கத்துக் காம்பராவில் தொலைக்காட்சி, தலைக்கு மேலே தகரம். மழை பிடித்தால் பதிவில் தகரம்தான் பேசும். ஆகவே பங்குனி, சித்திரைக்கு முந்திய வறண்ட மாதங்களில் திட்டமிடுங்கள்.

சத்தத்தைவிடப் பெரிய சிக்கல் சுவர். லயத்துச் சுவருக்குக் காது உண்டு என்பது பழமொழி அல்ல, நடப்பு. மாமியாரைப் பற்றியோ கங்காணியை (வேலையை மேற்பார்ப்பவரை) பற்றியோ பேச வேண்டியதை அங்கே பேச முடியாது. இஸ்தோப்பு (வாசல் தாழ்வாரம்) அதைவிட மோசம், போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று ஒரு வார்த்தை சேர்ப்பார்கள். கோயில் திண்ணை, மரக்கறித் தோட்டத்து ஓரம், மகளின் புது வீடு, தேவைப்பட்டால் உங்கள் வீடு என்று எங்கேயாவது அழைத்துப் போங்கள். ஒரு அம்மா தன் கதையின் முக்கியமான பாதியைப் பீலிக்கரைக்கு (தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு) போகும் வழியில் நடந்துகொண்டே சொன்னார். பதிவில் மூச்சு வாங்கும் சத்தமும் காலடிச் சத்தமும் நிறைய. ஆனால் அந்தப் பேச்சு வீட்டில் வந்திருக்காது.

என்ன கேள்விகள் கேட்பது? பட்டியல் தருவீர்களா?

பட்டியல் கேட்டுத்தான் எல்லாரும் வருகிறார்கள். நான் தருவதில்லை, காரணம் இருக்கிறது.

மலையகப் பெண்களிடம் வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கஷ்டத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். கேள்வி தொடங்கும் முன்பே அட்டைக்கடி, லயம், சம்பளம், தண்ணீர் என்று ஒப்புவித்துவிடுவார்கள். எல்லாம் உண்மை, ஆனால் அதில் அவர் இல்லை. எந்தத் தோட்டத்தில் எந்தப் பெண் சொன்னாலும் அதே வாக்கியங்கள். என் முதல் பத்துப் பதிவுகளும் இப்படித்தான். பிறகு போட்டுக் கேட்டால் எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே கஷ்டத்தைக் கேட்காதீர்கள், ஒரு நாளைக் கேளுங்கள். "நீங்க முதல்முதலா கூட மாட்டிக்கிட்டுப் போன அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?" "கொழுந்து எப்படிக் கிள்ளணும்னு யார் காட்டிக் கொடுத்தா?" "இடுப்புல படங்கு கட்டிவிட்டது யாரு?" இப்படிக் கேட்டால் ஒரு ஆள் வருவார், அவர் பேர் வரும், அவர் சாயந்தரம் என்ன ஆனார் என்று கதை தானாக நகரும். கைகளைப் பற்றிக் கேட்டால் நன்றாகப் பேசுவார்கள். ஒரு அம்மா எனக்குப் பாயில் அமர்ந்தபடியே இரண்டு கையாலும் காற்றில் கொழுந்து கிள்ளிக் காட்டினார். கை போகப் போகப் பேச்சும் வந்தது.

இன்னொரு கேள்வியை நான் விடுவதே இல்லை: "உங்க சம்பளத்த யார் போய் வாங்குனா?" நெடுங்காலம் பல தோட்டங்களில் பெண்ணின் சம்பளத்தையும் தகப்பனோ கணவனோ போய் வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இந்த ஒரு கேள்வியில் கல்யாணம், சாராயம், நகை, அடகு, பிள்ளை படிப்பு, ஒளித்து வைத்த சீட்டுக்காசு எல்லாம் வெளியே வரும். "உங்கள் வீட்டில் ஆணாதிக்கம் இருந்ததா" என்று கேட்டிருந்தால் "அப்படி ஒண்ணுமில்ல தாயி" என்று முடித்திருப்பார்கள்.

சந்தோசத்தையும் கேளுங்கள். காமன் கூத்துப் பார்க்க எந்தத் தோட்டத்துக்கு நடந்தார்கள், ஹட்டனில் பார்த்த முதல் படம் எது, யாரோடு சேர்ந்து சிரித்தார்கள். நிறைய பேர் இதைக் கேட்பதே இல்லை.

பாட்டுப் பாடச் சொல்லலாமா?

தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு தாராளமாக. நாட்டார் பாடல்களைத் தொகுத்த முன்னோர்கள் சொற்களை அச்சில் காப்பாற்றினார்கள். மெட்டு அச்சில் ஏறாது, அது உங்கள் போனில்தான் ஏறும். ஒப்பாரி மட்டும் வேறு. சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி எடுப்பது ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். வெளியே மரத்தடியில் உட்கார்ந்தால் சிலர் பாடுவார்கள்.

வருசமே தெரியாது என்கிறார்களே?

தெரியும், வேறு காலண்டரில் தெரியும். "பஞ்சத்து வருசம் நான் பெரிய மனுசியானேன்" என்றால் அது 1973, 74. "தோட்டம் அரசாங்கத்துக்குப் போன வருசம்" என்றால் காணிச் சீர்திருத்தம், 1972 அல்லது கம்பனித் தோட்டங்களை எடுத்த 1975. "திரும்பக் கம்பனிக்கு வந்தப்ப" என்றால் 1992. "மொதக் கலவரம்" என்று ஒருவர் சொல்வது 1977ஆகவும் இருக்கலாம், 1981ஆகவும் இருக்கலாம். எந்த ஊர், அப்போது கையில் எந்தப் பிள்ளை என்று கேட்டால் பிடிபடும். பதுளைப் பக்கம் போனால் மீரியபெத்தையில் மண் சரிந்த 2014 ஒக்டோபர் 29ஐ எல்லாரும் நாள் நேரத்தோடு சொல்வார்கள்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பழைய கடிதம், குடியுரிமைப் பத்திரம் இருந்தால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சேலை மடிப்புக்குள் இருந்து வரும் அந்தத் தாள்களே அரைமணி நேரப் பேச்சைக் கொண்டுவரும்.

அவர் சொன்னது வரலாற்றோடு ஒத்துப்போகாவிட்டால்?

இடையில் திருத்தாதீர்கள். "அது எழுபத்தேழு இல்லீங்க, எண்பத்துமூணு" என்று ஒருமுறை நான் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சரிதானே டீச்சர்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். பதிவு அங்கேயே செத்துப்போனது. சரியான ஆண்டை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். அவர் ஏன் இரண்டு கலவரத்தையும் ஒன்றாக நினைவு வைத்திருக்கிறார் என்பது தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். இரண்டிலும் ஒரே வீட்டைத்தான் இழந்தார் என்று பிறகு தெரிந்தது.

கணவரோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்கிறார்களே?

அவரையும் தனியாக ஒருநாள் பதிவதாகச் சொல்லுங்கள், சொன்னபடி பதியுங்கள். இரண்டு பேராகப் போவதும் உதவும்; ஒருவர் ஐயாவோடு வாசலில் பேசிக்கொண்டிருக்கலாம்.

அழுதுவிட்டால் என்ன செய்வது? அடி உதை, கெட்ட சம்பவம் எல்லாம் சொன்னால்?

அழுதால் பதிவை நிறுத்தலாமா என்று கேளுங்கள். நீங்களே முடிவு செய்யாதீர்கள். சிலர் "இல்ல, ஓடட்டும்" என்பார்கள். தண்ணீர் கொடுங்கள். அடுத்த கேள்விக்கு அவசரப்படாதீர்கள்.

கருத்தடை ஆபரேசன், வளைகுடா நாட்டு வீட்டில் நடந்தது, கொழும்பில் வீட்டு வேலைக்கு விடப்பட்ட பத்து வயசு போன்றவற்றை நீங்களாகத் தோண்டக் கூடாது. அவராகத் தொட்டால் கேளுங்கள். "உங்களுக்கு யார் என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க?" என்ற அளவில் நிற்கட்டும். சொன்னவர் இப்போதும் ஆபத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் நீங்கள் வெறும் பதிவாளர் அல்ல. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, மனநல உதவிக்கு 1926. இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு போங்கள், ஆனால் அவர் கேட்காமல் அவர் சார்பில் அழைக்காதீர்கள். கனமான பதிவு முடிந்ததும் உடனே எழுந்து போகாதீர்கள்; அடுத்த நாளும் ஒரு எட்டுப் போய் முகம் காட்டுங்கள்.

சாதியைப் பற்றிக் கேட்கலாமா?

நேரடியாகக் கேட்டால் "இங்க அதெல்லாம் இல்ல" என்பதே பதிலாக இருக்கும். எந்த லயத்தில் யார் இருந்தார்கள், யார் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், கங்காணி வீட்டுக் கல்யாணத்தில் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் பதில் வரும். வந்ததை வெளியிடுவதற்கு முன் பத்து முறை யோசியுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

சம்மதப் படிவம் கட்டாயமா?

சம்மதம் கட்டாயம், படிவம் ஒரு வழி மட்டுமே. தோட்டத்தில் ஒரு தாளை நீட்டினால் அது அரசின் அஸ்வெசும உதவிப்பணப் படிவமா, வீட்டுத் திட்டமா என்றுதான் முதலில் நினைப்பார்கள். கையெழுத்துப் போட்டு ஏமாந்த கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். ஆகவே வாயால் சொல்லி வாயால் பதிகிறேன்: இது எதற்கு, யார் கேட்பார்கள், இணையத்தில் போகுமா, பெயர் வேண்டுமா வேண்டாமா, பிறகு வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுவோம். இதனால் உதவிப்பணமோ வீடோ கிடைக்காது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர் பதில் ஒலியிலேயே இருக்கட்டும். பதிவு முடிந்ததும் மறுபடி கேளுங்கள். தொடக்கத்தில் "எல்லாத்தையும் போடுங்க" என்றவர் முடிவில் "அந்தத் தம்பி கத மட்டும் வேணாம்" என்பார்.

அமைப்பாக, நிறுவனமாகச் செய்வதென்றால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். "மேல் டிவிசனில் இரட்டைப் பிள்ளை பெற்ற ஆயாம்மா" என்றால் தோட்டமே கண்டுபிடித்துவிடும்.

பணம் கொடுக்கலாமா?

வேலைக்குப் போகாமல் நமக்காக வீட்டில் இருந்தால் அன்றைய பேர் போய்விடும். அதை ஈடுசெய்வது நியாயம். கதைக்கு விலை என்று கொடுத்தால் அடுத்த வீட்டில் கதை நீளும். வீட்டுக்குப் போகும்போது சீனி, பிஸ்கட், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போவது நம் வழக்கம்தானே.

என்ன கருவி வேண்டும்?

நல்ல போன் போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், சட்டையில் குத்தும் ஒரு சிறு மைக் வாங்குங்கள், பவர் பேங்க் எடுத்துப் போங்கள். வேவ் வடிவில் பதிய முடிந்தால் பதியுங்கள். அன்று இரவே மூன்று பிரதி: கணினியில் ஒன்று, தனி டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் அல்லது இணையச் சேமிப்பில் ஒன்று. என் அம்மாயியின் ஒரே பதிவு பழுதான போனோடு போய்விட்டது. அவரும் இப்போது இல்லை.

எழுத்தாக்கும்போது பேச்சை இலக்கணத் தமிழாக மாற்றலாமா?

மாற்றாதீர்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். அதற்கு மேல் மாற்றும் வேலை வேறு எதற்கு? வெளியூர்க்காரரிடம் எழுதக் கொடுத்தால் சரிபாருங்கள். "அன்னிக்கு அரப்பேர்தான் போட்டாங்க" என்பதை யாரோ ஒருவர் "அன்றைக்குப் பெயர் பாதிதான் எழுதினார்கள்" என்று எழுதிக் கொடுத்தார். அரைநாள் சம்பளம் என்று அர்த்தம். மலைக்குப் போனேன் என்றால் தேயிலைக் காட்டுக்கு வேலைக்குப் போனது, கோச்சி என்றால் ரயில், காம்பரா என்றால் அறை. இப்படி உங்கள் தோட்டத்துச் சொற்களுக்கு ஒரு பட்டியல் தனியாக எழுதி வாருங்கள். பதிவைவிட அது சில நேரம் பெறுமதியானது.

முழுதாக எழுத நேரமில்லையென்றால் எந்த நிமிடத்தில் என்ன பேசுகிறார் என்ற குறிப்பாவது இருக்கட்டும்.

இந்தியாவுக்குப் போனவர்களை என்ன செய்வது?

1964 ஒக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பகிர்ந்தார்கள். கணக்கில் சரியாக வந்தது, குடும்பத்தில் வரவில்லை. அக்கா கோத்தகிரியில், தங்கை பொகவந்தலாவையில். இந்தப் பிரிவைப் பெண்களிடம் கேட்டால் ஒப்பந்தம் வராது. தலைமன்னார்க் கோச்சி கிளம்பியபோது யார் கையை யார் விடவில்லை என்பது வரும். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் உறவு இருந்தால் வீடியோ அழைப்பில் இருவரையும் சேர்த்துப் பேசவிட்டுப் பதியுங்கள். நீங்கள் கேள்வியே கேட்க வேண்டியிருக்காது.

பதிவுகளை எங்கே வைப்பது?

முதல் பிரதி பேசியவருக்கு. பேரன் போனிலோ மெமரி கார்டிலோ போட்டுக் கொடுத்து, ஒருமுறை கூட உட்கார்ந்து கேட்க வையுங்கள். பொதுவில் வைக்கச் சம்மதித்தால் நூலக நிறுவனத்தின் (Noolaham Foundation) எண்ணிம ஆவணகம் வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. கம்பளைக்கு அருகே பரதெக்க, பழைய பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் லயக் காம்பராக்களிலேயே இயங்குகிறது. பழைய கூடை, பத்திரம், படம் கிடைத்தால் அவர்களோடு பேசிப் பாருங்கள். சமூக வலைத்தளத்தில் துண்டு துண்டாகப் போடுவதை நான் விரும்புவதில்லை. அழும் முப்பது வினாடிதான் எப்போதும் பரவுகிறது.

ஒருவரிடம் எத்தனை முறை போக வேண்டும்?

குறைந்தது மூன்று. முதல் முறை தோட்டத்தின் கதையைச் சொல்வார், இரண்டாம் முறை குடும்பத்தின் கதையை. மூன்றாம் முறை போகும்போது, "அன்னிக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்" என்று அவரே தொடங்குவார்.